கன்னத்தில் வெள்ளைப் புள்ளி

என் தங்கை உதயாவைப் பற்றி யாராவது பேச்சை எடுத்தால் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். முன்னாலேயே சொல்லிவிட்டேன், அப்புறம் அக்காக்காரி அலட்டுகிறாள் என்று யாரும் முகம் சுளிக்கக் கூடாது. எண்ணூர்ப் பக்கம் எங்கள் நெட்டுக்குப்பத்துக்கு வந்து எங்கள் நைனா பேரைச் சொல்லி, கோதண்டம் வீடு எது என்று கேட்டால், எந்தக் கோதண்டம் என்பார்கள். கேரம் உதயா வீடு என்று கேட்டுப் பாருங்கள். வலை பிரித்துக்கொண்டிருப்பவர் அதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, எங்கள் வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார். இந்த வருஷம் மாநிலப் போட்டிக்குப் போகிற சென்னை ஜூனியர் பெண்கள் அணியில் அவள் இருக்கிறாள். அங்கே போய்ச் சேர அவள் கேரமோடு மல்லுக்கட்டியதைவிட முகப்பருவோடு மல்லுக்கட்டியதுதான் அதிகம்.

பதினாலு வயதில் அவளுக்குப் பரு வந்தது. எனக்கும் அந்த வயதில் வந்தது, போயிற்று. அவளுக்கு வந்ததும் ஒன்றும் பிரமாதமில்லை. நெற்றியில் நாலு, கன்னத்துக்கு மூன்று நாலு, அவ்வளவுதான். ஆனால் அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிற எங்கள் ஊரில் இருமல் வந்தாலும் சாம்பல்தான், துணி கறுத்தாலும் சாம்பல்தான். பருவுக்கும் அதன் மேலேயே பழியைப் போட்டார்கள். அம்மா மஞ்சள் பூசினாள். கல்யாண வீடுகளில் சொந்தக்காரப் பெண்கள் அவள் தாடையைப் பிடித்துத் தூக்கி, மீன் வாங்க வந்தவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் இப்படியும் அப்படியும் திருப்பி, பெண்ணுக்கு முகம் ஏன் இப்படி ஆகிவிட்டது என்று அம்மாவிடம் துக்கம் விசாரித்தார்கள். எனக்கு வாய் துருதுருவென்று வரும். அம்மா என் தொடையில் கிள்ளி அடக்குவாள்.

ஊரையெல்லாம் சொல்லிவிட்டு என் வண்டவாளத்தை மறைக்கக் கூடாது. கேரம் போர்டில் காய்கள் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்குப் போரிக் பவுடர் தூவுவார்கள். கடற்காற்றில் நசநசத்துப் போன போர்டுகூட அந்தப் பவுடர் பட்டால் சரியாகிவிடும். போர்டின் ஈரத்தையே இழுக்கிற பவுடர் பருவின் ஈரத்தை இழுக்காதா என்று என் மூளை வேலை செய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தண்ணீரில் குழைத்து அவள் முகம் முழுக்கப் பூசிவிட்டேன். மறுநாள் காலையில் முகம் சிவந்து, தோல் உரிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. ஒரு வாரம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை, என்னோடு பேசவும் இல்லை. எனக்கு வேண்டியதுதான்.

அவளுக்கு உண்மையான சத்துரு சாம்பலும் இல்லை, பருவும் இல்லை. அவள் விரல்தான். கை சும்மா இருக்காது. படிக்கும்போதும், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் விரல் தானாக மேலே போய்ப் பருவைத் தேடிப் பிடித்துக் கிள்ளும். கிள்ளிய இடம் புண்ணாகும், ஆறினால் கறுப்பாகும். கேட்டால் நான் எங்கே கிள்ளினேன் என்று சத்தியம் செய்வாள். ஆட்டத்தில் பயம் வந்தாலும் விரல் அங்கேதான் போகும், ஆனால் கேரம் ஆடும்போது அந்தப் பொய் எடுபடாது. பவுடர் பட்ட விரலால் கன்னத்தைத் தொட்டால் அங்கே வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்துவிடும். ஆட்டம் முடிந்து எழுந்து வருகிறபோது எத்தனை புள்ளி என்று எண்ணினால் எத்தனை தடவை பயந்தாள் என்று சொல்லிவிடலாம்.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. அவள் கிள்ளுகிற நகமும் ஸ்ட்ரைக்கரை அடிக்கிற நகமும் ஒன்றே. வலது கை ஆள்காட்டி விரலில் அந்த ஒரு நகத்தை மட்டும் அரிசி நீளத்துக்கு வளர்த்து, அரம் வைத்துத் தேய்த்து, பிள்ளையைப்போல் வைத்திருந்தாள். திருவொற்றியூர் கிளப்பில் அவளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற கஸ்பார் அண்ணன், அந்த நகம் அடிக்கிற நேர்கோட்டை அடிமட்டம் வைத்தும் போட முடியாது என்பார். எட்டு வயதிலிருந்து அந்த ஒரு விரல்தான் அவளுக்கு எல்லாம்.

போன வருஷம் மாவட்ட அணித் தேர்வில் இறுதி ஆட்டம்வரை வந்தாள். எதிரே ராயபுரம் கரோலின். நல்ல பெண், பயங்கர ஆட்டக்காரி. கடைசி போர்டில், அதாவது கடைசிச் சுற்றில், இழுபறியாக இருந்தபோது உதயாவின் கை கன்னத்துக்குப் போனது. கிள்ளிய பரு உடைந்து ரத்தம் விரலில் ஒட்ட, விரலிலிருந்து போர்டில் பட்டுவிட்டது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தித் துணி கொண்டுவரச் சொல்லித் துடைத்தார். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த அடியிலேயே அவள் தவறவிட்டாள், தோற்றாள், அணியில் இடமும் போயிற்று.

வெளியே வந்ததும் கரோலின் அவளைத் தோளில் தட்டினாள். கேலியாகத்தான் சொன்னாள், கெட்ட எண்ணம் இல்லை.

"நீ எப்ப மிஸ் பண்ணப் போறேன்னு எனக்கு முன்னாலேயே தெரியும்ப்பா. போர்ட பாக்க வாணாம், உன் கன்னத்த பாத்தா போதும்."

அன்றைக்கு வீடு வருகிறவரை உதயா துப்பட்டாவை முகத்திலிருந்து எடுக்கவில்லை. அதற்குப் பிறகு பத்து நாள் கிளப் பக்கமே போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் மாஸ்க் போட்டுக்கொண்டு போனாள். வியர்வையில் பரு இன்னும் கூடியது. மறுபடி ஆடத் தொடங்கினாலும் அந்தப் பழைய தைரியம் வரவில்லை, மாதக்கணக்காக அப்படியே ஓடியது. அடுத்த தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. அதோடு அவளுக்கு ஜூனியர் வயது முடிகிறது. அதை விட்டால் அந்த அணி இந்த ஜென்மத்தில் கிடையாது.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் லீவு போட்டு அவளை அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாள் லைட்டைப் போட்டு முகத்தைப் பார்த்தார். பிறகு நான் எதிர்பார்க்காதபடி அவள் கையை வாங்கி விரல்களைப் பார்த்தார். பரு லேசானதுதான், ராத்திரியில் தடவ ஒரு ஜெல், காலையில் வெயிலுக்கு ஒரு கிரீம், இரண்டு வேளை மென்மையாகக் கழுவினால் அடங்கிவிடும் என்றார். கறுப்புத் தழும்பு மெதுவாக மங்குமாம். வலது கன்னத்தில் குழி விழுந்த இரண்டு இடம் மட்டும் அப்படியேதான் இருக்குமாம்.

"மருந்து பருவுக்குத்தாம்மா. தழும்ப நீதான் போட்டுக்கிற. மொதல்ல அந்த நகத்த வெட்டு" என்றார்.

பஸ்ஸில் அவள் தன் நகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான்தான் பதைத்துப்போய், தேர்வு முடியட்டும், அப்புறம் வெட்டலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். கஸ்பார் அண்ணனும் போனில் அதையே சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அவள் அலமாரியிலிருந்து நகவெட்டியை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இந்த நகம் இர்ந்தும் தோத்துகினுதான் கீறேன்க்கா. வெட்டிட்டு தோத்தா மூஞ்சியாச்சும் மிஞ்சும்."

ஒரே வெட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளுக்கு வரவில்லை.

அடுத்த இரண்டு மாதம் நான் பார்த்ததை யாரும் பார்த்திருக்கக் கூடாது. நகம் இல்லாமல் அடித்தால் சதை முதலில் படும், ஸ்ட்ரைக்கர் கோணல்மாணலாகப் போகும். நேற்றுப் பழக வந்தவர்களிடமெல்லாம் தோற்றாள். கடைசியில் ஆள்காட்டி விரலை நடுவிரலுக்குப் பின்னால் மடக்கி, அங்கிருந்து உருவி விரலின் பக்கவாட்டால் அடிக்கிற கத்தரி அடியைப் பிடித்தாள். அந்த அடிக்கு நகம் தேவையில்லை. விரல் வீங்கியது, அம்மா எண்ணெய் தடவினாள், இவள் மறுபடியும் அடித்தாள். இன்னொரு பக்கம் ஜெல் முதலில் எரிந்தது, தோல் வறண்டது, பிறகு பருக்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கை பழக்கதோஷத்தில் மேலே போகும். நகமில்லாத விரல் வழவழவென்று சறுக்கி ஒன்றும் கிடைக்காமல் இறங்கிவிடும். மூன்றாவது மாதம் முழுக்க அவள் கன்னத்தில் ஒரு வெள்ளைப் புள்ளிகூட நான் பார்க்கவில்லை. அதில் எனக்கு வந்த கர்வத்துக்கு அளவில்லை.

தேர்வு ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. நைனா கடலுக்குப் போகாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இறுதி ஆட்டத்தில் மறுபடியும் கரோலின். ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவது ஆட்டம் கடைசி போர்டுக்கு வந்தபோது புள்ளிகள் சமம். அந்த போர்டை எடுப்பவருக்குத்தான் அணியில் பாக்கியிருந்த ஒரே இடம்.

உதயாவுக்கு இரண்டு வெள்ளைக் காய் பாக்கி, கரோலினுக்கு இரண்டு கறுப்பு. சிவப்புக் காய் உதயாவுக்கு வாகாக ஒரு குழியருகே நின்றது. சிவப்பைப் போட்டு, உடனே தன் காய் ஒன்றைப் போட்டால்தான் சிவப்பு சேரும். உதயா ஒரு அடி அடித்துத் தன் வெள்ளையை நல்ல இடத்துக்குத் தள்ளி வைத்தாள். முறை கரோலினுக்குப் போனது. கரோலின் செய்ய வேண்டியது ஒன்றுதான், அந்தச் சிவப்பைத் தட்டி விலக்கிவிட வேண்டும். அவளும் ஸ்ட்ரைக்கரை அதற்குத்தான் நகர்த்தினாள். நகர்த்திவிட்டு ஒரு கணம் நிமிர்ந்து உதயாவைப் பார்த்தாள்.

அப்போது உதயாவின் கை மேலே போனது. வலது கன்னத்தில், குழி விழுந்த அந்த இடத்தில் விரல் பட்டது. கை இறங்கியபோது அங்கே பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. போச்சு, எல்லாம் போச்சு என்று நைனா கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று மாதப் பாடு ஒரு நொடியில் வீணாகிவிட்டதே என்று அவள்மேல் எரிச்சலாகவும் வந்தது.

கரோலினும் அந்தப் புள்ளியைப் பார்த்தாள். அவள் முகம் தளர்ந்தது. இவள் எப்படியும் தவறவிடப் போகிறாள், சிவப்பை எதற்கு வீணாகத் தட்ட வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். ஸ்ட்ரைக்கரை மறுபடி நகர்த்தி, மூலையில் மாட்டிக்கொண்டிருந்த தன் கறுப்பை வெளியே இழுத்து வைத்துக்கொண்டாள். சிவப்பு நின்ற இடத்திலேயே நின்றது.

உதயா விரலை மடக்கினாள். உருவி அடித்த கத்தரி அடியில் சிவப்பு விழுந்தது. அடுத்து ஒரு வெள்ளை. அடுத்து கடைசி வெள்ளை. மூன்று அடிக்கும் அவள் கண் சிமிட்டியதாக எனக்கு நினைவில்லை. நைனா வேட்டி அவிழ்வது தெரியாமல் எழுந்து நின்று கைதட்டினார்.

நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். சந்தோஷத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை, அத்தனை பாடுபட்டுவிட்டுக் கடைசியில் போய் ஏண்டி கிள்ளினாய் என்று கேட்டேன். அவள் மொட்டை விரலை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இன்னாத்த வச்சி கிள்ளறது? கிள்ளலக்கா. வெறுமே பவுடர் வச்சேன்."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பக்கத்தில் நின்ற கரோலினுக்கு உடனே விளங்கிவிட்டது. அடிப்பாவி என்று தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். தோற்றுவிட்டு அப்படிச் சிரிக்கவும் ஒரு மனசு வேண்டும், அந்தப் பெண்ணுக்கு அது இருக்கிறது.

அதற்குள் போட்டோ எடுப்பவர் வந்து எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். உதயா துப்பட்டாவைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, தழும்பும் குழியும் இருந்த வலது கன்னம் தெரிய நேராக நின்றாள். பாப்பா, கன்னத்தில் பவுடர் ஒட்டியிருக்கிறது, துடைத்துக்கொள் என்றார் அவர். நான் கைக்குட்டையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இருக்கட்டும்ணா. அதான் இன்னைக்கி ஜெயிச்சிது."