மணிக்கு நான் ஊட்டிய திராட்சை

அக்காரவடிசலில் இருந்த திராட்சைகளைப் பொறுக்கி எங்கள் நாய் மணிக்கு ஊட்டியவள் நான்தான். ஒரு கை நிறைய. மார்கழியில் கூடாரவல்லியன்று ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வீடு இந்த இனிப்புப் பொங்கலின் நெய் மணக்கும். பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிய பிரசாதம், வாயில்லா ஜீவனுக்கும் கிடைக்கட்டுமே என்று கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே வாந்தி. மறுநாள் அது எழுந்திருக்கவில்லை. என் கணவர் ஸ்கூட்டரை எடுக்க, நான் மணியை மடியில் அணைத்துக்கொள்ள, காவிரிப் பாலம் தாண்டித் தில்லைநகரில் இருக்கும் கால்நடை டாக்டரிடம் ஓடினோம்.

"என்னம்மா குடுத்தீங்க?" என்றார் டாக்டர்.

"பிரசாதம்தான். திராட்சை கொஞ்சம் நிறையவே."

அவர் முகம் மாறியது. "நாய்க்குத் திராட்சை விஷம்மா. கிட்னியைப் பிடிச்சிடும். யூரின் போனாத்தான் பிழைக்கும்."

எலி மருந்தைப் பூட்டி வைத்தவள், பாச்சை உருண்டையைப் பரணில் ஏற்றியவள், என் கையாலேயே விஷத்தை ஊட்டியிருக்கிறேன். பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு நாள் டிரிப் ஏறியது. ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் காலை பெருமாள் சன்னதியில் நின்று சண்டையே போட்டேன். "நோக்குக் கண்டருளப் பண்ணினதைத்தானே அதுவும் சாப்ட்டது? தப்பு என்னுது. அதை எடுத்துக்காதே!"

அங்கிருந்து நேரே டாக்டரிடம் போனேன். வாசலில் என் கணவர் மணியைத் தாங்கிப் பிடித்து நிறுத்தியிருந்தார். அது தள்ளாடி நடந்து, இவர் தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் ஸ்கூட்டரின் சக்கரத்தருகே நின்றது. கால் தூக்கக்கூடத் தெம்பில்லை. நின்றபடியே மூத்திரம் பெய்தது.

"போகட்டும்டி, நன்னாப் போகட்டும்!" இவர் சிரித்துக்கொண்டே அழுதார். நான் அந்த ஈரத்தைப் பார்த்துக் கைகூப்பினேன். 'ரங்கா, ரங்கா' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அதன்பின் மணி ஐந்து வருஷம் இருந்தது. நடுவில் இவர் பரமபதம் போய்விட்டார். அந்த வருஷம் முழுக்க என்னைத் தனியாக விடாமல் காலடியிலேயே கிடந்தது மணிதான். பெருமாள் அதை எதற்குத் திருப்பிக் கொடுத்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது அதுவும் இல்லை. மார்கழி வந்தால் இரண்டு பேரும் நான் சமைக்கும் தளிகை உள் வாசலில் காத்து நிற்பதுபோலவே இருக்கிறது. நாய் வளர்க்கும் வீடுகளுக்குப் பிரசாதம் கொடுத்தால், "திராட்சையை மட்டும் அதுக்குப் போட்டுடாதீங்கோ" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

உங்களுக்கும் ஓர் ஆபத்து வந்தால் டாக்டரிடம் ஓடுங்கள், ஓடிக்கொண்டே அந்த ரங்கனைக் கூப்பிடுங்கள். சண்டைகூடப் போடலாம். என்னிடம் அவன் கோபித்துக்கொள்ளவே இல்லை.