கேண்டீன் அக்காவின் மூக்கு

பேருந்துப் பணிமனை கேண்டீனில் அவளுக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் மூக்குக்காரி. முகத்துக்கு நேரே 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பெயரில் அவளுக்கு வருத்தமில்லை, உள்ளுக்குள் பெருமைதான். பின்பக்கக் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டே அடுப்பில் பால் பொங்கப்போவதைச் சொல்லிவிடுவாள். மளிகைக்காரர் "புதுச் சரக்கும்மா" என்று மூட்டையை இறக்குவதற்குள், "பழசுண்ணே, எடுத்துட்டுப் போங்க" என்பாள். சமைக்கும்போது நாக்கில் விட்டுப் பார்ப்பது கத்துக்குட்டிகளின் வேலை என்பது அவள் கட்சி.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தாள். எழுந்தபோது காய்ச்சலோடு வாசனையும் போயிருந்தது. மூக்கடைப்பு என்று நினைத்து ஆவி பிடித்தாள். சோப்பை முகர்ந்தாள், ஊதுவத்தியை முகர்ந்தாள், கடைசல் பட்டறையில் வேலை பார்க்கும் புருஷனின் அழுக்குச் சட்டையைக்கூட முகர்ந்தாள்.

"அதுவே தெரியலைன்னா நிலைமை மோசம்தான்" என்றார் அவர்.

டாக்டரோ, "சில பேருக்குத் திரும்ப வரும், சில பேருக்கு வராது. பொறுத்துத்தான் பார்க்கணும்" என்று கையை விரித்துவிட்டார்.

யாரிடமும் மூச்சு விடாமல் வேலைக்குப் போனாள். நாக்கிலும் பாதி ருசி செத்திருந்தது. முதல் நாளே பருப்பு அடிபிடித்தது. அதை அறியாமல் அப்படியே பரிமாறினாள். ஓட்டுநர்களில் ஒருவருக்குக் குறை சொல்லாமல் ஒரு கவளம் இறங்காது. அவரைப் புகார்ப்பெட்டி என்பார்கள்.

"என்னக்கா, இன்னைக்கு டயரைக் கொளுத்திப் போட்டிருக்கீங்களா?" என்றார் புகார்ப்பெட்டி. மேசை முழுக்கச் சிரிப்பு.

"சாப்பிடறதுன்னா சாப்பிடு, இல்லேன்னா எழுந்து போ!" என்று கத்திவிட்டு உள்ளே போனவள், பாத்திரத்தைத் தேய் தேய் என்று தேய்த்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அடுப்படிக்குள் போனாள். முந்தைய நாள் திருகிய அடுப்புக் குமிழ் சரியாக மூடியிருக்கவில்லை. அறை முழுக்க கேஸ். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"கீழ போடு!"

காய் நறுக்கும் அண்ணனின் குரல் அது. நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்கிற மனுஷன், வாசலில் நின்று கத்தினார். ஓடிவந்து சிலிண்டரை மூடினார், ஜன்னல்களைத் திறந்தார், அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார். இருவரும் படியில் உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, எனக்கு வாசனையே தெரியலை."

"தெரியும்மா. அழுக ஆரம்பிச்ச தக்காளியை மோந்து பாத்துட்டு நல்ல கூடையில போட்டியே, அப்பவே தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். தப்புதான்."

அன்று மாலை புருஷனிடம், "வேலையை விட்டுடறேங்க. இன்னைக்கு அண்ணன் வரலைன்னா என்ன ஆகியிருக்கும்?" என்றாள்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "விடறதுன்னா விடு, நான் தடுக்கலை. ஆனா மூக்குதானே போச்சு? உன் வாய் எங்கயும் போகலையே. அதை வெச்சு நாலு பேர்கிட்ட விஷயத்தைச் சொல்லிப் பாரு."

அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் மதியம் கரண்டியும் கையுமாக நடுக்கூடத்தில் நின்றாள். "எல்லாரும் கேளுங்க. எனக்கு வாசனை போயிடுச்சு. திரும்பி வருமா, தெரியாது. ஆனா நான் சமைக்கத்தான் போறேன்." பிறகு புகார்ப்பெட்டியைப் பார்த்தாள். "இனிமே பரிமாறறதுக்கு முன்னாடி நீதான் ருசி பாத்துச் சொல்லணும். ஊரு பூரா குறை கண்டுபிடிக்கிற நாக்கு, சும்மா கிடக்க வேணாம்."

கூடம் குலுங்கியது. புகார்ப்பெட்டி மட்டும் சிரிக்கவில்லை. "நிஜமாவாக்கா?" என்றார், பரீட்சைக்குக் கூப்பிட்ட பையனைப் போல.

மேலாளரிடம் பேசி, கேஸ் கசிந்தால் அலறும் கருவி ஒன்றைச் சுவரில் மாட்டவைத்தாள். மாட்டும்வரை அடுப்பைப் பற்றவைப்பது அண்ணன் பொறுப்பு. அடுப்படியில் எப்போதும் பாடும் ரேடியோவை நிறுத்தினாள். ஈர வெங்காயம் எண்ணெயில் சளசளக்கும். பதம் வரவர அந்தச் சத்தம் மெலிந்து சன்னமாகும். பருப்பு அடியில் ஒட்டத் தொடங்கினால் கொதியின் குரல் தடிக்கும். இத்தனை வருஷம் இதெல்லாம் காதில் விழுந்தும் கேட்டதில்லை. சந்தேகம் வந்த பாலை யோசிக்காமல் கொட்டினாள். இடையில் இரண்டு தரம் உப்பு தூக்கலாகிப் போனது. புகார்ப்பெட்டி கண்ணை மூடி, "தண்ணி ஊத்துங்கக்கா" என்று தீர்ப்புச் சொன்னார். ஒருநாள் புது ஓட்டுநர் ஒருவர் காயில் காரம் போதவில்லை என்றதும், "நான் பாத்துச் சொன்னது, உனக்கு நாக்கு சரியில்லை" என்று புகார்ப்பெட்டியே சண்டைக்குப் போனார். அவள் விலக்கிவிட வேண்டியிருந்தது.

மழைக்காலம் மறுபடியும் வந்து போனது. வாசனை வரவில்லை. காத்திருப்பதை அவளும் எப்போதோ மறந்திருந்தாள்.

தங்கைக்கு ரொம்ப நாள் கழித்துக் குழந்தை பிறந்தது. வந்தவர்கள் எல்லாம் உச்சியை முகர்ந்து, "அப்பா, என்ன வாசனை!" என்றார்கள். குழந்தையை வாங்கிய அவளும் பழக்கத்தில் குனிந்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. இன்னொரு தரம் முகர்ந்தாள். தங்கை கவனித்துவிட்டாள்.

"எப்படி இருக்குன்னு சொல்லேன்டி" என்றாள் அக்கா.

தங்கை முகர்ந்து யோசித்தாள். "இளஞ்சூட்டுப் பால் மாதிரி... இல்லக்கா, வெயில்ல காய்ஞ்ச துணியை மடிச்சு வைக்கறப்ப வருமே, அது மாதிரி."

"துணியா, பாலா? ஒழுங்காச் சொல்லு."

தங்கை மறுபடி முகர்ந்தாள். "ரெண்டும்தான். பால் பட்ட துணி."

"சரி, புரிஞ்சுது" என்று குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். அது கொட்டாவி விட்டது. கேண்டீனில் மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வைத்துக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பினாள்.