விற்றுப்போன கீழ் ஸா

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ஆர்கன் குழாய்கள் என்று ஒரு பகுதி வரும். மூடிய குழாய், திறந்த குழாய், இரண்டுக்கும் சூத்திரம். பல வருடமாக அதை நடத்தி வருகிறேன். குழாய்களில் காற்றை ஊதி இசைக்கும் அந்த ஆர்கன் என்ற வாத்தியத்தை நான் பார்த்ததில்லை. எந்த மாணவியும் அதைப் பற்றிக் கேட்டதுமில்லை. தேர்வுக்கு அது தேவைப்படவில்லை.

என் தம்பி கத்தாரில் ஏசி வேலையில் இருந்தான். பெரிய கட்டடங்களில் குளிர்காற்று போகும் தகரக் குழாய்கள் சில நேரம் ஊளையிடும். எங்கே என்று கண்டுபிடித்து அதை வாயடைக்கச் செய்வது அவன் வேலை. கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது மன்னார்குடிக்குத் திரும்பி வந்தான். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். மோட்டாரும் பிவிசி பைப்பும் விற்கும் அவர் கடையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டால் தலையை ஆட்டுவான். அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டாலும் அதே ஆட்டம்தான்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடைக்குப் பின்னால் குடோனில் ரம்பச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், பைப்புகளுக்கு விசிலில் இருப்பதுபோல் வாய் வெட்டிக்கொண்டிருந்தான்.

“என்னடா பண்றே?”

“இவ்வளவு வருஷம் சத்தத்த நிறுத்திக்கிட்டே இருந்தேன்லக்கா. வர வச்சா எப்படி இருக்கும்னு பாக்கறேன்.”

ஊருக்கு வந்ததிலிருந்து அவன் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். நான் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு பைப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

காற்றுக்கு, மூடிப்போன அரிசி ஆலையிலிருந்து உமி ஊதும் ப்ளோயர் ஒன்று வந்தது. வீட்டில் சும்மா கிடந்த கீபோர்டை லேப்டாப்பில் இணைத்தான். கட்டையை அழுத்தினால் மின்சார வால்வு திறந்து, அதற்குரிய பைப்பு ஊதும். ஒவ்வொரு பைப்பின் வாயருகிலும் ஒரு சின்ன மைக். சுருதி விலகினால் அது லேப்டாப்புக்குத் தெரிந்து, காற்று தானாகக் கூடும் அல்லது குறையும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் எது பைப்பு, எது தெரு என்பது மைக்குக்குத் தெரியாது. ஸ்பீக்கர் கட்டிய வெங்காய ஆட்டோ தெருவில் போனபோது, எங்கள் பா சுர பைப்பு அந்த வியாபாரியின் குரலோடு ஏறி இறங்கியது. ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, சற்று நேரம் எங்கள் ஷட்டரைப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் தம்பி மைக்குகளை பைப்புகளுக்குள்ளேயே வைத்துவிட்டான்.

அத்தா ஒன்றும் தடுக்கவில்லை. “சத்தம் போடற பைப்ப ஜனங்க திருப்பிக் கொண்டாந்து குடுப்பாங்க. இவன் உக்காந்து செய்யறான்,” என்று மட்டும் சொன்னார்.

எல்லாவற்றிலும் பெரியது கீழ் ஸா. ஆறு இஞ்சு பைப்பு, முழு நீளம். நிமிர்த்தி வைக்க முடியாமல் சுவரோரம் படுக்கப் போட்டிருந்தோம். அதன் சத்தம் காதில் கேட்பதைவிட நெஞ்சில் தெரியும். முதல் தடவை ஊதியபோது, குடோனை ஒட்டிய எங்கள் வீட்டுப் பின்கட்டில் அம்மா ஃப்ரிட்ஜ் கெட்டுவிட்டதென்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டார். அவர் வந்து பார்த்து, ஃப்ரிட்ஜ் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்.

பிறகு ஒருநாள் தம்பி வால்வு வாங்க தஞ்சாவூர் போயிருந்தான். நான் பள்ளியில் இருந்தேன். மாலையில் வந்து பார்த்தால் சுவரோரம் காலி.

“இங்க கிடந்தது எங்கத்தா?” என்றான் தம்பி.

“ஒருத்தருக்குப் போர்வெல்லேர்ந்து வயலுக்குப் போற லைன் உடைஞ்சு போச்சு. நாத்து காயுதுன்னு ஓடி வந்தாரு. ஆறு இஞ்சுல அந்த ஒரு பைப்புதான் இருந்துச்சு.”

“அது பைப்பு இல்லத்தா.”

“பின்ன என்ன?”

தம்பி சற்று யோசித்தான். “கீழ் ஸா.”

“நீ வெட்டுன வாய அறுத்து எடுத்துட்டுத்தான் குடுத்தேன்,” என்றார் அத்தா, குறையில்லாமல் வியாபாரம் செய்தவரின் நிம்மதியோடு.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் காய்கிற நாற்றோடு என்ன வாதாட முடியும்? தம்பி பழையபடி நாற்காலிக்குப் போய்விட்டான். குறுவை நடவு நேரம் என்பதால் ஆறு இஞ்சு பைப்பு வந்த அன்றே விற்றுப்போனது. அவனுக்கென்று ஒன்றை எடுத்துவைக்கச் சொல்லி அவனும் கேட்கவில்லை. அவன் திரும்பவும் தலையாட்ட ஆரம்பித்ததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கல்லூரியில் படித்த ஒரு விஷயம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“மேல் ஸாவையும் அதுக்கு மேல பாவையும் சேத்து ஊது. ரெண்டோட அதிர்வெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் கீழ் ஸாதான். அது காதுல கேக்கும்.”

“இல்லாத பைப்பு கேக்குமா?”

“கேக்கும்னு படிச்சிருக்கேன்.”

“படிச்சதை நம்புறியாக்கா?”

“அத வச்சுத்தானே சம்பளம் வாங்கறேன்.”

எழுந்து வந்தான். இரண்டையும் ஊதினோம். இரண்டு சத்தம் மட்டும்தான் கேட்டது, அதுவும் ஒன்றோடொன்று உரசி நடுங்கியது. தம்பி லேப்டாப்பில் பாவின் காற்றைத் துளித்துளியாகக் குறைத்தான். நடுக்கம் மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றது. அப்போது தரையிலிருந்து வருவதுபோல் கீழ் ஸா எழுந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. நடத்திய பாடம் எதற்கும் எனக்கு அப்படி ஆனதில்லை.

அத்தா கடையிலிருந்து வந்தார். “புது பைப்பு வாங்கிட்டியா?”

“இல்லத்தா.”

அவர் ப்ளோயருக்குப் பின்னால் பார்த்தார். சாக்குகளைத் தூக்கிப் பார்த்தார். நான் விளக்கத் தொடங்கினேன். அதிர்வெண் என்றதும் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார்.

“ஒண்ண எடு,” என்றார். தம்பி ஒரு விரலை எடுத்தான்.

“இப்ப இல்ல. சேத்துப் போடு.” போட்டான்.

“இப்ப இருக்கு.”

விரலை எடுக்கச் சொல்வதும் வைக்கச் சொல்வதுமாக, கடையில் ஆள் வந்து கூப்பிடும்வரை அங்கேயே நின்றார். போகும்போது சொன்னார்: “அப்ப ஆறு இஞ்சு உனக்குத் தேவையே இல்ல.”

தம்பி சிரித்தான். சத்தமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பின்கட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

இப்போது அவன் தஞ்சாவூரில் ஒரு ஏசி காண்ட்ராக்டரிடம் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்து குடோனில் இரண்டாவது வரிசை பைப்பு போடுகிறான். நாலு இஞ்சுக்கு மேல் தொடுவதில்லை என்று அத்தாவோடு பேச்சு.