மொட்டைமாடியில் அண்ணி பேசிய படம்

எங்கள் வீட்டு சினிமாத் திரையின் மறுபக்கத்தில் நான் இருந்தேன். பட்டுப்பாவாடை, தலையில் கம்ப்யூட்டரில் ஒட்டிய கிரீடம், இரண்டு பக்கமும் அன்னப்பறவைகள், கீழே வரிசையாகச் சொந்தக்காரர்களின் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். எனக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தபோது தாய்மாமா அடித்துக் கொடுத்த ஃப்ளெக்ஸ் அது. விழா முடிந்தால் தண்ணீர்த் தொட்டியையோ அடுக்கிவைத்த சிமெண்ட் மூட்டையையோ மூடத்தான் இந்த மாதிரி ஃப்ளெக்ஸ் போகும். எங்கள் வீட்டில் மட்டும் அது பரணில் சுருண்டு கிடந்தது. கல்யாணமாகி வந்த மூன்றாவது மாதம் அண்ணி அதை இறக்கி விரித்தார். முன்பக்கத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகு திருப்பிப் போட்டார். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. "இத்தாம் பெரிய ஸ்கிரீன வூட்லயே வச்சினு, தியேட்டருக்கு எதுக்கு போறீங்க?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பொழுது சாய்ந்ததும் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் மொட்டைமாடிச் சுவரில் அந்த ஃப்ளெக்ஸ் ஏறும். கடையில் செல்போன் பழுதுபார்க்கும் என் அண்ணன் எங்கிருந்தோ ஒரு பழைய புரொஜெக்டரைப் பிடித்துவந்திருந்தான். அப்போது நான் பிளஸ் டூ. தெருவில் என்னோடு படிக்கிற பெண்கள், அவர்களுடைய தம்பி தங்கைகள், வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்துவிடும் அம்மாக்கள் என்று மாடி நிறைந்துவிடும். மாணவர்களுக்கு ஊக்கம் தரும் படம் என்று இணையத்தில் எவனெவனோ போட்ட பட்டியலையெல்லாம் தேடித்தேடிக் கொண்டுவருவது என் வேலை. அதில் பாதியைக் கழித்துக்கட்டுவது அண்ணியின் வேலை. "ஒரே பாட்டுல கலெக்டர் ஆவுற படமெல்லாம் வேணாம். அவ எப்பிடி படிச்சா, எங்க கோட்டவுட்டா, அதக் காட்டுறானா? அத மட்டும் பாட்டுக்குள்ள ஒளிச்சிடுறான்" என்பார். அழவைக்கிற படம் ஜாஸ்தி இருக்கிறது, மறுநாள் காலையில் எழுந்து எதையாவது செய்யவைக்கிற படம்தான் கம்மி என்பது அவருடைய கணக்கு. இன்றைக்கும் யாராவது என்னிடம், பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல படமாகச் சொல்லு என்று கேட்டால், நான் அந்தத் தராசைத்தான் எடுக்கிறேன்.

இப்படிக் கழித்தால் தமிழில் மிஞ்சுவது கொஞ்சம். மிச்சமெல்லாம் வேற்றுமொழிப் படங்கள், கீழே ஆங்கில எழுத்து ஓடும். நாங்கள் ஒரு வரியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் படத்தில் ரெண்டு பேர் செத்து ஒருத்தருக்குக் கல்யாணமே ஆகிவிடும். அதனால் அண்ணி ஃப்ளெக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து எல்லாருக்குமாகப் பேச ஆரம்பித்தார். கிழவருக்கு ஒரு குரல், குழந்தைக்கு ஒரு குரல், கெட்டவனுக்கு ஒரு இருமல். அண்ணிக்குக் கம்மாபுரம் பக்கம் ஊர். ஆகவே பனிமலையில் கம்பளிக் குல்லாய் போட்ட பெரியவர், "என்னா புள்ள, கஞ்சி குடிச்சியா?" என்று கேட்பார். கடல் கடந்த ஊர்களின் ஹெட்மாஸ்டர்களெல்லாம் "அப்பாவ இட்டுனு வா" என்றார்கள். நாங்கள் உருண்டு உருண்டு சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்புக்குள்தான் படம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. அந்நியப் பெண் ஒருத்தி ஜெயித்தாள் என்று அல்ல, பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி ஜெயித்தாள் என்று நாங்கள் நம்பினோம்.

இவ்வளவு வேகமாக ஆங்கிலம் படித்துத் தமிழில் போடுகிறவர் பகலெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை நான் யோசித்ததில்லை. அண்ணி இயற்பியல் பட்டதாரி. சிதம்பரத்தில் பி.எட். படித்து டீச்சராக வேண்டும் என்பதைப் பெண் பார்க்க வந்த அன்றே சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் யாரும் மறுக்கவில்லை. அங்கேதான் சிக்கல். அண்ணனைக் கேட்டால் "அம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்க" என்பான். அம்மாவைக் கேட்டால், புடவைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, எங்கோ பார்த்தபடி, "பாக்கலாம், பாக்கலாம்" என்பாள். நம் வீடுகளில் 'முடியாது' என்று சொன்னால் சண்டையாவது போடலாம். 'பார்க்கலாம்' என்பதோடு யார் சண்டை போடுவது? கதவு சாத்தவும் இல்லை, திறக்கவும் இல்லை, வெளியே நின்றபடியே வயதாகிவிடும். கல்யாணமான வருஷம் அப்படித்தான் சேர்க்கை தப்பியது. அடுத்த வருஷமும் கடைசி வாரம் வந்துவிட்டது. இந்தத் தடவையும் போனால் பிறகு குழந்தை, பிறகு அதன் பள்ளிக்கூடம் என்று பேச்சே எழாது என்பது அண்ணிக்குத் தெரியும். அவர் கேட்பதை நிறுத்தியிருந்தார்.

அந்த வாரம் நான் கொண்டுவந்தது ஒரு மலைகிராமத்துப் பெண்ணின் கதை. பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்துத் தானாகவே பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டவள். நகரத்துத் தொழிற்பள்ளியில் சேரவேண்டும் என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் எதையும் திட்டமிடவில்லை, ரேடியோ என்றதும் அண்ணனுக்குப் பிடிக்குமே என்றுதான் எடுத்தேன். மாடி நிறைந்திருந்தது. அம்மாவும் பின்னால் தண்ணீர்த் தொட்டியோரம் எதிர்வீட்டு அக்காவோடு உட்கார்ந்திருந்தாள். படத்தில் அந்தப் பெண் மறுபடியும் கேட்கிறாள். அவளுடைய அம்மா ஆட்டுக்குத் தழை போட்டபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொல்கிறாள். கீழே எழுத்து வந்தது. அண்ணி சொன்னார்: "பாக்கலாம், பாக்கலாம்."

அப்படியே என் அம்மாவின் குரல். ரெண்டாவது 'பாக்கலாம்' கொஞ்சம் இறங்கி முடிகிற அந்த இழுப்பு உட்பட. எதிர்வீட்டு அக்கா அம்மாவின் தொடையில் அடித்து, "யக்கா! அந்தப் பொம்பள ஒன்னாட்டமே பேசுது பாரு!" என்று கத்தினார். மாடியே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கை தலைப்பை உதறப்போய் நடுவில் நின்றிருந்தது.

படத்தில் இப்போது பேச்சே இல்லை. அந்தப் பெண் வாசலில் நின்று அம்மாவைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். கீழே எழுத்தும் இல்லை. அண்ணி சும்மா இருந்திருக்கலாம். அந்த மௌனத்துக்குள், குரலை மாற்றாமல், தன் சொந்தக் குரலில் கேட்டார்: "எப்ப அத்த?"

ஒரு நொடி யாருக்கும் எதுவும் புரியவில்லை. முன்வரிசையில் இருந்த என் தோழியின் தங்கைதான் கை உயர்த்தி, "அக்கா, தப்பா சொல்லிட்டீங்க. அது அத்த இல்ல, அவுங்கம்மா!" என்றாள். அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆமாண்டி, அம்மா, அம்மா. எப்பம்மா?" என்று திருத்தினார். படம் ஓடியது. அதற்குப் பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள் என்பதை, சத்தியமாக, அன்று மாடியில் இருந்த பெரியவர்கள் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். புரொஜெக்டரைச் சரிசெய்கிற சாக்கில் அண்ணன் குனிந்தவன் நிமிரவே இல்லை.

மறுநாள் காலை அம்மா காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அண்ணி இட்லிப் பானையை இறக்கினார். யார் முகத்தையும் பார்க்காமல், டம்ளரைப் பார்த்தே அம்மா சொன்னாள்: "வியாழக்கெழம." அண்ணி, "என்னா அத்த?" என்றார். "எப்பன்னு கேட்டல்ல? வியாழக்கெழம போயி சேந்துட்டு வா. நானும் வரேன், நடராசரப் பாத்து நாளாச்சி." அவ்வளவுதான். வாழ்த்து கிடையாது, அறிவுரை கிடையாது. அன்று இட்லி வேகாமல் இருந்தது, ஒருவரும் குறை சொல்லவில்லை.

அது நாக்குத் தவறியதா, வேண்டுமென்றே கேட்டதா என்று எத்தனையோ முறை அண்ணியைத் துளைத்திருக்கிறேன். "படம் அப்பிடிடி" என்று சிரிப்பார். எனக்கு அந்தப் பதில் போதும். நல்ல படம் நமக்குப் பதில் சொல்லித் தருவதில்லை. நம் வாயில் மாட்டிக்கொண்டிருக்கிற கேள்வியை, வேறு யாரோ கேட்கிற மாதிரி, வெளியே எடுத்துவிடுகிறது. பிள்ளைகளைப் படம் பார்க்க உட்காரவைக்கும்போது பக்கத்தில் பெற்றவர்களையும் உட்காரவையுங்கள் என்று நான் எல்லாரிடமும் வம்படியாகச் சொல்வது அதனால்தான்.

பயணிகள் ரயிலில் சிதம்பரத்துக்குப் போய்வந்து படித்து, பிறகு தேர்வெழுதித் தேர்வெழுதி, இன்று அண்ணி சிதம்பரத்துப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். நானும் சிதம்பரத்தில்தான் ஆராய்ச்சி செய்கிறேன். போன மாதம் அவருடைய பள்ளியில் பெற்றோரையும் அழைத்துப் படம் போட்டார்கள். அம்மாவை நான் கூட்டிப்போனேன். வகுப்புக்குள் நுழைந்ததும் எனக்குப் பகீரென்றது. கரும்பலகைக்கு மேல் அதே ஃப்ளெக்ஸ், ஓரமெல்லாம் கிழிந்து, செல்லோடேப் போட்டு. "அண்ணி, எம் மானமே போவுது, யாராவது திருப்பிப் பாத்தா?" என்றேன். "பாக்கட்டுமே, எங்க நாத்தனார் அப்பவே ஸ்டாருடி!" என்றார்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். முக்காலியில் உட்கார்ந்து பேசிப்பேசி அண்ணிக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே எழுந்து, "மிஸ், அடுத்த படம் போடுவீங்களா?" என்று கேட்டாள். களைப்பில் தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி அண்ணி, "பாக்கலாம்மா, பாக்க..." என்று ஆரம்பித்தார்.

கடைசி பெஞ்சிலிருந்து என் அம்மாவின் குரல் கணீரென்று வந்தது. "எப்பன்னு சொல்லு. புள்ள கேக்குதுல்ல?"

அண்ணி பாட்டிலைக் கீழே வைத்தார். ஃப்ளெக்ஸுக்குப் பின்னால், கிரீடம் வைத்துக்கொண்டு நான் சுவரைப் பார்த்திருக்க, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வியாழக்கெழம."