கோபுரத்துக்கு மேல் ஒரு புள்ளி

இப்போது கோயில் விசேஷங்களுக்கு ட்ரோன் விடுகிறார்கள். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு அவர் நினைவு வந்துவிடுகிறது.

ஆரணியில் எங்கள் தெருக் கோயில் கும்பாபிஷேகத்தைப் படமெடுக்க வந்தவர். பட்டுக்கடை மொட்டை மாடியில் என் பக்கத்தில் நின்றார். நரைத்த மீசை. ஜூம் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் டெலிகன்வெர்ட்டரைப் பட்டுத்துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இத போட்டா வெளிச்சம் கொஞ்சம் கம்மியாவும். ஆனா எட்டாதது கிட்ட வந்துடுங்க,” என்றார்.

கருடன் வட்டமிட்ட பிறகே கலசத்தில் புனித நீர் ஊற்றுவது வழக்கம். வெயில் ஏறியபின் உயரத்தில் ஒரு பறவை வந்தது. கூட்டம் கைகூப்பியது. அவர் கேமராவில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். கருடனுக்குள்ள வெள்ளை மார்பு இல்லை. உடம்பு முழுக்கப் பழுப்பு. வெறும் பருந்து.

கடைக்கார அம்மா கண்கலங்க, “கருடன்தானேங்க?” என்று அவரைக் கேட்டார்.

அவர் கன்வெர்ட்டரைக் கழற்றிப் பட்டுத்துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார். வெறும் லென்ஸை மாட்டி மறுபடி பார்த்தார்.

“ஆமாம்மா. சுத்திகினு கீது.”

அவர் எடுத்த படம் இன்றும் அந்தக் கடையில் மாட்டியிருக்கிறது. கோபுரத்துக்கு மேலே ஒரு கறுப்புப் புள்ளி. போகும்போதெல்லாம் நானும் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.