இன்னொரு கொம்பு எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். ரிக்‌ஷாவை வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு, உட்காராமலே கேட்டார்.

"கொம்பு எங்கே சம்பந்தி?"

என் மகள் கமலம் அவர் வீட்டு மருமகள். ஏதாவது சொல்லி அனுப்பினாளா என்று கேட்டேன். அதெல்லாம் ஒன்றும் இல்லையாம். கொம்புதான் வேண்டுமாம். உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுதானே இருக்கு. இன்னொண்ணு?"

எனக்கு வந்த ஆத்திரத்தைக் காபியோடு சேர்த்து விழுங்கினேன். மேலதிகாரியைக்கூட ஒரு நாள் எதிர்த்துப் பேசிவிடலாம். பெண்ணைக் கொடுத்த இடத்தில் வாயைத் திறக்க முடியுமா? ஆனால் விழுங்கியது இன்னும் செரிக்கவில்லை. இந்த வாரப் பத்திரிகையில் உங்களிடம்தான் கொட்டப் போகிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

பர்மாவுக்கு வந்த நாள் முதல் சம்பந்திக்குக் கெமண்டைனில் படகுத்துறைக்குப் பக்கத்தில் மர வியாபாரம். இந்த வருஷம் புதிதாக இரட்டைக்குழல் துப்பாக்கியும் அதற்கு லைசென்ஸும் வாங்கினார். நான் வருஷா வருஷம் பெகுவைத் தாண்டித் தேக்குக் காட்டுக்கு வேட்டைக்குப் போகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். காட்டோரத்து ஊரில் இருக்கிற வேட்டைக்காரர் ஊ போ ஸான் எனக்குப் பழைய சிநேகிதர். "என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்றார் சம்பந்தி. மாட்டேன் என்றா சொல்வது? சொல்லியிருக்க வேண்டும்.

அவர் வந்தார். கூடவே இரண்டு நண்பர்கள், ஒரு பெரிய டிபன் கேரியர், ஆளுக்கொரு தொப்பி. கிராமபோனையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதை ஊ போ ஸான் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பங்குனி என்றால் வேட்டைப் பருவத்தின் கடைசி. தேக்கு இலையெல்லாம் உதிர்ந்து காடு வெளிச்சமாக இருக்கும். நெடுந்தூரம் பார்க்கலாம். ஆனால் காலை வைத்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம். இரவுப் பனியில் இலை நனைந்து கிடக்கிற விடியற்காலையில்தான் சத்தமில்லாமல் நடக்க முடியும். வெயில் ஏறிவிட்டால் அன்றைய வேட்டை அவ்வளவுதான்.

ஓடைக்கரையில் கடமான் தடம் கிடைத்தது. பெரிய ஆண். குளம்படியின் ஓரம் இன்னும் உதிரவில்லை, குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. காற்றுக்கு எதிராக நடந்தோம். மூங்கிலுக்குப் பக்கத்தில், எங்களுக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. திரும்பும் வரை பொறுங்கள் என்று சம்பந்திக்குக் கை காட்டினேன். அவர் பொறுக்கவில்லை. சுட்டார்.

மான் துள்ளி ஓடவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, மெல்ல நடந்து மூங்கிலுக்குள் போனது. அப்படிப் போனால் வயிற்றில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்... உட்கார வேண்டும். பேசக் கூடாது. யாரும் துரத்தவில்லை என்று தெரிந்தால் அது பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். அதிகம் அலையாமல் முடிந்துவிடும்.

நம்மவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? "அரோகரா" என்று கத்தினார்கள். முருகன் சந்நிதியில் காவடி வந்து இறங்கின மாதிரி ஒருவர் கத்த, மற்றவர் பதில் கத்த, ஷூ காலோடு மூங்கிலை நோக்கி ஓட்டம். வயிற்றில் குண்டோடு படுத்துக்கொள்ள வேண்டிய பிராணி, அந்தச் சத்தத்தில் மேட்டைத் தாண்டி ஓடிவிட்டது.

இலையில் இருந்த இரத்தத்தைக் காட்டினேன். கறுத்த இரத்தம், அதில் மென்ற புல். "வயித்துலதான் பட்டிருக்கு சம்பந்தி. கொஞ்ச நேரம் விட்டுட்டுப் பின்னாலேயே போகணும். சாயங்காலம் ஆனாலும் ஆகும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "டிரெயினை விட்டுட்டா? எங்கேயாவது செத்துக் கிடக்கும், விடுங்க. காட்டுல மானுக்கா பஞ்சம்?"

சொல்லிவிட்டு இட்லி சாப்பிட்டார்கள். இரத்தம் கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு மாட்டு வண்டி ஏறி ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள்.

"சுட்டவர் எங்கே போறாரு ஸயா?" என்று ஊ போ ஸான் பர்மா பாஷையில் கேட்டார்.

"ஊருக்கு."

அவர் மூங்கில் குச்சிகளைச் சீவ உட்கார்ந்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வெயில் சாயும் வரை காத்திருந்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். ஒருவர் தரையைப் பார்க்க, ஒருவர் முன்னால் பார்க்க... எங்கள் வழக்கம் அது. கடைசியாக இரத்தம் கண்ட இடத்தில் தோல் சீவிய மூங்கில் குச்சி ஒன்றை நட்டுவிட்டுத்தான் அடுத்த சொட்டைத் தேடுவோம். தடம் தப்பினால் குச்சிக்குத் திரும்பி வரலாம். சில இடங்களில் மிளகு அளவு ஒரு புள்ளி, சில இடங்களில் அதுவும் இல்லை, புரண்டு கிடக்கிற ஓர் இலைதான். சருகுச் சத்தத்தில் அது ஒருமுறை எழுந்து ஓடுவதைக் கேட்டோம். அதற்குள் இருட்டிவிட்டது.

மறுநாள் பனி ஈரத்தில் போனோம். இரண்டாவது மேட்டுக்கு அப்பால், மூங்கில் புதருக்குள் கிடந்தது. உயிரோடு கிடந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தது. முன்னங்கால் ஊன்றியது, பின்புறம் எழவில்லை. தலை மூங்கிலில் மோதி ஒரு கொம்பு கழன்று கீழே விழுந்தது. பருவத்தின் கடைசியில் கடமானுக்குக் கொம்பு தானாகவே உதிரும், தெரியும்தானே. நான் சுட்டு முடித்தேன்.

எனக்கு அழுகை வந்தது. நானும் சுடுகிறவன்தான், கறி தின்கிறவன்தான். ஆனால் ஒரு பகலும் ஓர் இரவும் அது அப்படிக் கிடந்திருக்கிறது. வயிறு கெட்டுப்போனதில் கறிகூட அந்த ஊரில் யாருக்கும் ஆகவில்லை.

விழுந்த கொம்பை எடுக்க ஊ போ ஸான் குனிந்தார். வேண்டாம், கிடக்கட்டும் என்றேன். தலையில் இருந்ததை மட்டும் வெட்டி எடுத்து வந்தேன். முதல் குண்டு யாருடையதோ கொம்பு அவருக்கு. அந்தப் பாழாய்ப்போன நியாயத்துக்கு நானும் கட்டுப்பட்டவன்.

அந்த ஒற்றைக் கொம்பைத்தான் சம்பந்தி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒத்தக் கொம்பை எப்படிச் சுவத்துல மாட்டறது? வர்றவங்க கேக்க மாட்டாங்களா?"

"இன்னொண்ணு காட்டுல விழுந்துடுச்சு."

"அப்ப ஆள் அனுப்பி எடுத்துட்டு வரச் சொல்லுங்களேன்."

ஆள் அனுப்பி. கேட்டீர்களா?

நான் வாயைத் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னால் என் மனைவி இருமினாள். அவர் போன பிறகு, "பொண்ணு அந்த வீட்டுல இருக்கா. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றாள். சும்மாதான் இருந்தேன். ஆனால் யோசித்தேன்... நம் ஜனங்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். சங்கக் கூட்டத்தில் சண்டையை மூட்டிவிட்டு டிரெயினுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போகிறவர் ஒருவர், விடிய விடிய சமாதானம் பேசுகிறவர் வேறொருவர். குண்டு ஒருவருடையது, தடம் இன்னொருவர் தலையில். மாலை மட்டும் குண்டு போட்டவர் கழுத்துக்கு.

என் சம்பந்தி பத்திரிகையில் இந்தப் பகுதியை வாராவாரம் தவறாமல் படிக்கிறவர். கமலம்தான் எடுத்துக் கொடுப்பாள். ஆகையால் மரியாதையாகவே வழி சொல்லிவிடுகிறேன்.

சம்பந்தி, நீங்கள் இட்லி சாப்பிட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். நாங்கள் நட்ட குச்சிகள் இன்னும் அப்படியேதான் நிற்கும். ஒவ்வொன்றின் காலடியிலும் காய்ந்த இரத்தம் இருக்கும். இரண்டாவது மேட்டைத் தாண்டினால் மூங்கில் புதர். கொம்பு அங்கேதான் கிடக்கிறது. ஆள் வேண்டாம், நீங்களே போகலாம்... வழியெல்லாம் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.