மீனெண்ணெய் பூசிய மாப்பிள்ளைக் குதிரை

ஸ்ரீவைகுண்டத்து வேதமுத்து காலமெல்லாம் பள்ளிக்கூட ஆபீஸில் நாற்காலி தேய்த்தவர். ஓய்வு பெற்றதும், இனியாவது ஓடுகிற ஒன்றோடு வாழ்வோமே என்று ஒரு குதிரை வாங்கினார். அது ஓடவில்லை. ராணி என்று பெயர் வைத்த பிறகு நடக்கவே யோசித்தது. அப்பேர்ப்பட்ட பிராணிக்கு மாப்பிள்ளை அழைப்பை விட்டால் வேறு என்ன பிழைப்பு இருக்கிறது? மேளத்துக்கும் வெடிக்கும் மிரளாமல் ராணி ஜரிகை போட்டுக்கொண்டு நடக்க, கடிவாளம் பிடித்து முன்னால் போகும் வேதமுத்துவுக்குத் தானே மாப்பிள்ளை என்கிற நினைப்பு வந்துவிடும்.

அந்தச் சந்தோஷத்துக்கு வேட்டு வைத்தது ஒரு பொடிப்பூச்சி. வாய்க்காலோரத்து வாழைத்தோட்டத்திலிருந்து பொழுது சாயும்போது கிளம்பி வரும். கொசுவில் கால்வாசி இருக்காது. ஊர் மாடுகளெல்லாம் வாலை ஆட்டிவிட்டுச் சும்மா நிற்க, ராணிக்கு மட்டும் அரிப்பு தாங்கவில்லை. கண்ட இடத்திலெல்லாம் உரசியது. பக்கத்து வீட்டு முருங்கை சாய்ந்தது. காம்பவுண்டுச் சுவர் சரிந்தது. ஜெபம் பண்ண வந்த பாஸ்டரின் ஸ்கூட்டரும் விழுந்தது. பிடரி மயிர் உதிர்ந்து, வால் பழைய விளக்குமாறு போல ஆகிவிட்டது.

வேதமுத்துவின் மனைவி சாலோமி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவள் அவரை மகன் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவாள்.

"எபி அப்பா, டவுண்ல பிள்ளைமார் கல்யாணம் ஒண்ணு இருக்குன்னீயளே, அதுல ஒரு கொறையும் வரலன்னா குதிர இங்கன நிக்கட்டும். வந்துச்சுன்னா ஏரல் யாவாரிகிட்ட குடுத்துரணும்."

வேதமுத்து கையோடு ராணியை ஓட்டிக்கொண்டு கிளம்பினார்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் ரெனிஷா ஒரு பெரிய டப்பாக் களிம்பு கொடுத்தாள். "இதுக்கு அந்தப் பூச்சிக்கடி ஒத்துக்கல அண்ணாச்சி. பிடரி, வால் மொளைக்கிற முட்டு, வயித்துக்கு அடியில, இங்க மட்டும் கனமா தடவுங்க. பிசுபிசுப்புல பூச்சி உக்காராது."

ராணிக்குச் செய்வதில் என்ன கஞ்சத்தனம் என்று வேதமுத்து மூக்கிலிருந்து குளம்புவரை தடவினார். குதிரை வெள்ளையடித்த சுவராக நின்றது, ஆனால் உரசவில்லை. அரிப்பு நின்றது, களிம்பும் தீர்ந்தது. மறுநாள் கல்யாணம். புது டப்பா மதுரையிலிருந்து வரவேண்டும். ராணி மறுபடி தென்னையில் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து உவரியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்புரோஸ் வந்தார். "பிசுபிசுன்னு இருந்தா போதும்லா? வள்ளத்துக்குப் பூசுத மீனெண்ணெ இருக்கு வே. கடத்தண்ணியே ஒட்டாது, பூச்சி எங்கன ஒட்டும்?"

வேதமுத்து முகர்ந்து பார்த்தார். சாளைக் கருவாட்டிலேயே வளர்ந்த மூக்கு அது, ஒரு குறையும் சொல்லவில்லை. தாராளமாகப் பூசி, மேலே கொஞ்சம் சந்தனமும் தெளித்தார்.

மாப்பிள்ளையின் அப்பா திருஞானசம்பந்தம் பிள்ளை, கேக்கில் முட்டை என்று காதில் விழுந்தாலே வாய் கொப்பளிக்கிறவர். ரதவீதியில் ஊர்வலம் கிளம்பியதும் முதலில் ஒரு பூனை வந்தது. சந்துக்குச் சந்து கூட்டம் சேர்ந்து, மண்டபத்தை அடைவதற்குள் மாப்பிள்ளை வீட்டாரைவிடப் பூனைகள் அதிகமாகிவிட்டன.

மாப்பிள்ளை இறங்கினார். மாலை போட வந்த பெண்ணின் தாய்மாமன் மந்திரமூர்த்தி, மாலையோடு பின்வாங்கினார்.

"சைவம்னுதான சொன்னீய? மாப்பிள மீனு திங்காரோ?"

மேளம் நின்றது. "சத்தியமா இல்ல மாமா" என்று மாப்பிள்ளை சொல்லும்போதே ஒரு பூனை அவர் காலைச் சுற்றி உரசியது. திருஞானசம்பந்தம் பிள்ளைக்கு முகம் கறுத்துவிட்டது.

குதிரையை ஒருவரும் பார்க்கவில்லை. வேதமுத்து வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் ராணி தப்பித்திருக்கும். ஆனால் கண் கலங்கி நிற்கிற அந்தப் பையனைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"மீன் வாட எங் குதிர மேல, அண்ணாச்சி. நான்தான் மீனெண்ணெ தடவுனேன்" என்று சொல்லி, ராணியைத் தெருமுனைக்கு இழுத்துக்கொண்டு போனார். பாதிப் பூனைகள் கூடவே போயின. மாப்பிள்ளை குளித்து வேட்டி மாற்றியதும் மீதியும் போய்ச் சேர்ந்தன. மந்திரமூர்த்தி மாலையைப் போட்டார்.

திருஞானசம்பந்தம் பிள்ளை தெருமுனைக்கு வந்து, "நல்லா இரும் வே. இனி ஒம்ம குதிர இந்த வீதிய மிதிக்கப்படாது" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

வேதமுத்து வீடு திரும்புவதற்குள் செய்தி திரும்பிவிட்டது. சாலோமி வாசலில் நின்றாள்.

"பேசாம நின்னிருக்கலாம்லா?"

"அந்தப் பையன் மொகத்தப் பாத்தா முடியல. நீ யாவாரிக்கு போன் போடு."

சாலோமி ராணியின் பக்கம் போய் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இந்த நாத்தத்தோட எவன் வாங்குவான்? நாத்தம் போகட்டும், பொறவு குடுப்போம்."

நாற்றம் போகவில்லை. வாரங்கள் போயின, வால் மயிர்கூட முளைத்தது, நாற்றம் மட்டும் அப்படியே இருந்தது. காரணம் கேட்க வேதமுத்துவுக்குப் பயம். ஒருநாள் சாயங்காலம் கடைக்குப் போனவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். கொட்டகையில் சாலோமி, மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டு, ராணியின் வால் முட்டில் மீனெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கீய?" என்றாள், திரும்பாமலே. "யாவாரி நாளைக்கு வருதாராம். அந்த வாலத் தூக்கிப் பிடிங்க."